சுற்றிலும் தண்ணீர், குடத்தில் இல்லை!

ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில், நைஜீரியா தேசத்தில், லாகோஸ் என்று ஒரு பெரிய பட்டணம் இருக்கிறது. ஒரு பக்கம் அட்லாண்டிக் சமுத்திரம். மறு பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் உப்பங்கழி. நடுவே தீவுகள், ஓடைகள், சதுப்பு நிலங்கள். 'லாகோஸ்' என்று போர்த்துக்கீசியர்கள் வைத்த பெயருக்கே 'கழிகள்' என்றுதான் அர்த்தம். அங்கேயே பிறந்து வளர்ந்த யொரூபா ஜனங்கள் தங்கள் ஊரை 'எக்கோ' என்று அழைக்கிறார்கள். லாகோஸ் மாநிலத்தின் மொத்தப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர்தான்.

அப்படிப்பட்ட ஊரில், காலையில் கண் விழித்ததும் ஒரு குடும்பத் தலைவிக்கு முதலில் வரும் கவலை என்ன தெரியுமா? தண்ணீர்க் கவலை!

குழாயே கிடையாது என்று சொல்லிவிட முடியாது. ஈஜு என்ற இடத்தில் 1915-ஆம் வருஷமே வெள்ளைக்காரர்கள் குடிதண்ணீர் நிலையம் அமைத்துவிட்டார்கள். பிற்பாடு வேறு நிலையங்களும் வந்தன. ஆனால் ஊர் வளர்ந்த வேகத்துக்குக் குழாய் வளரவில்லை. எனவே, கையில் பணம் உள்ளவர்கள் வீட்டுக் கொல்லையிலேயே துளை போட்டு, மோட்டார் வைத்து, மாடியில் தொட்டி கட்டிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுக்காரரும் துளை போட்டார். அதற்கடுத்த வீட்டுக்காரர் இன்னும் ஆழமாகப் போட்டார். கடலோரத்தில் பூமிக்குள் இருக்கும் நல்ல தண்ணீரை இப்படி உறிஞ்சிக்கொண்டே போனால், அந்த இடத்தை நிரப்ப உப்புத் தண்ணீர் மெல்ல மெல்ல உள்ளே வரத்தான் செய்யும்.

துளை போட வசதியில்லாதவர்கள் கேன்காரரை எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள். வடக்கேயிருந்து பிழைக்க வந்த ஹௌஸா இளைஞர்கள் பிளாஸ்டிக் கேன்களைத் தள்ளுவண்டியில் அடுக்கிக்கொண்டு தெருத் தெருவாக வருவார்கள். 'மாய் ருவா' என்று அவர்களுக்குப் பெயர். 'தண்ணீர்க்காரர்' என்று பொருள். குழாய் உள்ள பங்களாக்காரர் கொடுப்பதைவிட, கேனில் வாங்கும் ஏழை வீட்டுக்காரி குடத்துக்குக் குடம் அதிகம் கொடுக்கிறாள். இது லாகோஸில் மட்டும் நடக்கிற அநியாயம் அல்ல.

குடிப்பதற்கு 'பியூர் வாட்டர்' இருக்கிறது. அரை லிட்டர் தண்ணீரைப் பிளாஸ்டிக் உறையில் அடைத்து ஒட்டி விற்கிறார்கள். மூலையைப் பல்லால் கடித்து, உறிஞ்சிக் குடித்துவிட்டு, உறையை வீசி எறிய வேண்டியதுதான். அது தெருவில் விழும், தெருவிலிருந்து சாக்கடைக்குப் போகும், சாக்கடையை அடைக்கும், மழை பெய்தால் வெள்ளம் வீட்டுக்குள் வரும். வீட்டில் தண்ணீர் இல்லாததால் வாங்கிய உறை, கடைசியில் தண்ணீரை வீட்டுக்குள்ளேயே கொண்டு வந்து சேர்த்துவிடுகிறது!

2011-ஆம் வருஷம் ஜூலையில் ஒரே நாளில் கொட்டித் தீர்த்த மழையில் நகரின் பல பகுதிகள் மூழ்கிப் பல உயிர்கள் பலியாயின. அதற்குப் பின்னும் மழைக் காலம் வந்தால் அந்த ஊர்த் தாய்மார்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது.

தலை எண்ணுவதிலேயே தகராறு

1952-இல் ஜனத்தொகைக் கணக்கு எடுத்தபோது லாகோஸ் நகரசபை எல்லைக்குள் இருந்தவர்கள் சுமார் 2 லட்சத்து 70 ஆயிரம் பேர். இன்றைக்கு எத்தனை பேர்? ஒன்றரைக் கோடி என்பார் ஒருவர். இரண்டு கோடிக்கு மேல் என்பார் மற்றொருவர். 2006-இல் தேசம் முழுவதும் கணக்கு எடுத்தார்கள். லாகோஸ் மாநிலத்தில் 90 லட்சத்துக்குச் சற்று மேல் என்றது மத்திய சர்க்கார். "அதெல்லாம் இல்லை, 1 கோடியே 75 லட்சம்" என்றது மாநில சர்க்கார். பாதிக்குப் பாதி வித்தியாசம்! தலைக்கணக்கைப் பார்த்துத்தான் பணம் பங்கு பிரிக்கிறார்கள் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

ஏன் இத்தனை ஜனங்கள் வந்தார்கள்? 1960 அக்டோபர் முதல் தேதி நைஜீரியா சுதந்திரம் அடைந்தபோது லாகோஸ்தான் தலைநகர். துறைமுகமும் அங்கே, உத்தியோகமும் அங்கே. 1967 முதல் 1970 வரை நடந்த உள்நாட்டு யுத்தத்துக்குப் பிறகு பெட்ரோலியப் பணம் பொங்கி வழிந்தது. கட்டடங்கள் எழும்பின, கொத்தனாரும் சித்தாளும் தேவைப்பட்டார்கள். கிராமத்து நிலத்தை விட்டுவிட்டுப் பிள்ளைகள் பஸ் ஏறினார்கள். 1991 டிசம்பரில் தலைநகரை அபூஜாவுக்கு மாற்றிய பிறகும் கூட்டம் குறையவில்லை. மந்திரிகள் போனார்கள், வியாபாரம் போகவில்லை.

வந்தவர்கள் தங்குவதற்கு இடம் வேண்டுமே? நீளமாக ஒரு நடை. இருபுறமும் எதிரெதிராக அறைகள். அறைக்கு ஒரு குடும்பம். கோடியில் எல்லோருக்கும் பொதுவாகச் சமையலிடம், குளியலறை. நம் ஊரில் ஒண்டுக் குடித்தனம் நடத்தியவர்களுக்கு விளக்கவே வேண்டாம். லாகோஸ்காரர்கள் இதற்கு 'ஃபேஸ் மீ, ஐ ஃபேஸ் யூ' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 'நீ என் முகத்தைப் பார், நான் உன் முகத்தைப் பார்க்கிறேன்' என்று அர்த்தம். மாதா மாதம் வாடகை வாங்கும் வழக்கம் அங்கே அபூர்வம். ஒரு வருஷ வாடகையை, சில சமயம் இரண்டு வருஷ வாடகையை, முன்கூட்டியே மொத்தமாக எண்ணி வைக்க வேண்டும். புதிதாகக் குடிவருகிறவரிடம் ஒரு வருஷத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்று 2011-இல் சட்டம் வந்தது. சட்டம் புஸ்தகத்தில் இருக்கிறது. வீட்டுக்காரர் வாசலில் இருக்கிறார்.

சந்தையின் தாய்மார்கள்

லாகோஸைப் பற்றி எழுதுகிறவர்கள் உயர்ந்த கட்டடங்களையும் நீண்ட பாலங்களையும் எழுதுவார்கள். அந்த ஊரை உண்மையில் தாங்கி நிற்பது சந்தைதான். சந்தையைத் தாங்கி நிற்பவர்கள் பெண்கள். துணி, மீன், மிளகாய், தக்காளி, பாத்திரம் எல்லாவற்றையும் அவர்களே கொள்முதல் செய்து அவர்களே விற்பார்கள். யொரூபா குடும்பங்களில் மனைவி கணவனிடம் கையேந்தி நிற்பது வழக்கமில்லை. அவளுக்கென்று ஒரு முதல், அவளுக்கென்று ஒரு கணக்கு. முதல் சேர்ப்பதற்கு 'எசுசு' என்ற ஏற்பாடு இருக்கிறது. பத்துப் பேர் சேர்ந்து வாரா வாரம் ஆளுக்கு இவ்வளவு என்று போடுவார்கள். முறை வைத்து ஒருவர் மொத்தத்தையும் எடுப்பார். ஆம், நம் சீட்டேதான்!

ஒவ்வொரு சந்தைக்கும் ஒரு தலைவி உண்டு. 'இயாலோஜா' என்பார்கள், 'சந்தையின் தாய்' என்று பொருள். இந்தத் தாய்மார்களை லேசாக நினைத்துவிடக் கூடாது. அலிமோட்டு பெலவூரா என்று ஒரு அம்மாள் இருந்தார். மீன் வியாபாரி, பள்ளிக்கூடப் படிப்பில்லாதவர். எரெக்கோ சந்தையின் தலைவி. 1930-களில் அந்தச் சந்தையை வேறிடத்துக்கு மாற்றுவதற்குச் சர்க்கார் முனைந்தபோது, "நகரமாட்டோம்" என்று உட்கார்ந்துவிட்டார். கைது செய்தார்கள். ஊர்ப் பெண்கள் திரண்டெழுந்ததும் விட்டுவிட வேண்டியதாயிற்று. 1940-இல் வருஷத்துக்கு 50 பவுண்டுக்கு மேல் சம்பாதிக்கும் பெண்களுக்கு வருமான வரி என்று வெள்ளைக்கார சர்க்கார் உத்தரவு போட்டது. ஓட்டு கிடையாது, வரி மட்டும் உண்டா? ஆயிரக்கணக்கான பெண்கள் அந்த டிசம்பரில் கடைகளை மூடிவிட்டு ஊர்வலமாகப் புறப்பட்டார்கள். 50 பவுண்டு என்ற வரம்பை 200 பவுண்டாக உயர்த்திய பிறகே அமைதி ஏற்பட்டது. பெலவூரா அம்மாள் 1951-இல் காலமானார்.

அவர் மறைந்து நாலு வருஷத்துக்குள் நடந்த ஒரு காரியத்தை இங்கே கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால், நகரத்தை 'முன்னேற்றுவது' என்றால் என்ன, யாருக்கு முன்னேற்றம் என்ற கேள்வி அதில்தான் முதலில் எழுந்தது.

லாகோஸ் தீவின் பழைய பகுதி மிகவும் நெருக்கடியானது. 1924-இல் அங்கே பிளேக் பரவியது. அதன் விளைவாக 1928-இல் நகர அபிவிருத்தி வாரியம் ஒன்று அமைத்தார்கள். சுதந்திரம் நெருங்கி வரும் சமயத்தில், வெளிநாட்டார் வந்து பார்க்கும் தலைநகரின் நடுவே இப்படியொரு சேரி இருக்கலாமா என்ற எண்ணம் பெரியவர்களுக்கு உண்டாயிற்று. 1955-இல் சுமார் 70 ஏக்கர் பகுதியை இடித்துத் திருத்தும் திட்டம் ஆரம்பமாயிற்று. குடியிருந்தவர்களுக்குப் பிரதான நிலத்தில், சூருலேரே என்ற இடத்தில், புது வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். வீடுகளில் குறை சொல்ல முடியாது. தண்ணீர்க் குழாய், கழிப்பறை, காற்று, வெளிச்சம் எல்லாம் இருந்தன. அந்தக் குடும்பங்களின் நிலையை நேரில் ஆராய்ந்து, பீட்டர் மாரிஸ் என்ற ஆங்கிலேய சமூகவியலாளர் 1961-இல் ஒரு புஸ்தகம் வெளியிட்டார்.

அவர் கண்டது என்ன? பழைய இடத்தில் வாசற்படியில் ஒரு தட்டை வைத்தால் போதும், வியாபாரம் நடக்கும். தெருவில் ஓயாத ஜன நடமாட்டம். குழந்தையைப் பார்த்துக்கொள்ள மாமியாரோ நாத்தனாரோ பக்கத்திலேயே இருப்பார்கள். புது இடத்தில் வீடு விசாலம். வாங்குவதற்கு ஆள் இல்லை. சந்தைக்குப் போய் வர பஸ் செலவு. குழந்தையை விட்டுவிட்டுப் போக உறவினர் இல்லை. பல பெண்களின் வியாபாரம் படுத்துவிட்டது. கணவன்மாருக்கோ வேலைக்குப் போகவும் பஸ் காசு, புது வீட்டுக்கு வாடகை. மனைவி கையில் இருந்த வருமானமும் நின்றபோது வீட்டில் சச்சரவு ஆரம்பித்தது. சில இடங்களில் மனைவி பழைய இடத்துக்கே, உறவினர் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். செங்கல்லும் சிமிண்டும் கணக்குப் போட்ட சர்க்கார், வாசற்படியில் இருந்த அந்தத் தட்டைக் கணக்கில் சேர்க்கவில்லை.

'சூருலேரே' என்ற பெயருக்கு யொரூபா மொழியில் 'பொறுமைக்கு லாபம் உண்டு' என்று அர்த்தமாம்! இன்றைக்குச் சூருலேரே ஜே ஜே என்று இருக்கிறது. கடைக்கும் கூட்டத்துக்கும் பஞ்சமில்லை. அன்று குடியேறிய பெண்கள் அதற்குள் பாட்டிகளாகிவிட்டார்கள்.

விளக்கும் குப்பையும்

இப்போதெல்லாம் உலக சபைகளில் 'நீடித்த வளர்ச்சி' என்று ஒரு பெரிய வார்த்தை அடிபடுகிறது. பயந்துவிட வேண்டாம். விதை நெல்லைக் குத்திச் சாப்பிடாமல் குடித்தனம் நடத்துவது என்பதுதான் அதன் சாராம்சம். நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்த சங்கதி. லாகோஸில் அது எப்படி நடக்கிறது?

மின்சாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பியில் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்வதற்கில்லை. ஆகவே வீட்டுக்கு வீடு பெட்ரோல் ஜெனரேட்டர் உறுமுகிறது. அதில் ஒரு சின்ன ரகத்துக்கு ஜனங்கள் வைத்த பெயர், 'ஐ பெட்டர் பாஸ் மை நெய்பர்'. 'அடுத்த வீட்டுக்காரரைவிட நான் ஒரு படி மேல்' என்று பொருள்! புகையும் சத்தமும் அடுத்த வீட்டுக்கு இலவசம். 2023 மே மாதத்தில் பெட்ரோலுக்குக் கொடுத்துவந்த மானியத்தைச் சர்க்கார் நிறுத்தியதும் விலை ஒரேயடியாக ஏறிற்று. பெருமை பேசிய சின்ன ஜெனரேட்டர்களில் பல மூலையில் உட்கார்ந்துவிட்டன.

குப்பை சர்க்கார் கணக்குப்படி தினம் 13,000 டன். ஒலுசோசுன் என்ற இடத்தில் சுமார் 100 ஏக்கரில் குப்பை மலை ஒன்றே உண்டு. ஆரம்பத்தில் ஊருக்கு வெளியே இருந்தது. ஊர் வளர்ந்து அதைச் சூழ்ந்துகொண்டது. 2018 மார்ச்சில் அது தீப்பற்றிக்கொண்டு ஊரெல்லாம் புகை மண்டிற்று.

இந்த விஷயத்தில் ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பிலிகிஸ் அடெபியி அபியோலா என்பவர் அமெரிக்காவில் படித்துவிட்டு வந்து, 2012-இல் 'வீசைக்ளர்ஸ்' என்று ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். சாமான் வண்டி பூட்டிய சைக்கிள்கள் சந்து பொந்துகளுக்குள் நுழையும். வீட்டுக்காரி பிரித்து வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறை, பாட்டில், டப்பாக்களை நிறுத்து வாங்கிக்கொள்வார்கள். எடைக்குத் தகுந்த புள்ளிகள் அவளுடைய டெலிபோனுக்குச் செய்தியாக வரும். புள்ளிகள் சேர்ந்ததும் வீட்டுக்கு வேண்டிய சாமான் வாங்கிக்கொள்ளலாம். பழைய பேப்பர்க்காரரிடம் தராசைப் பார்த்துச் சண்டை போட்டுப் பழகிய நமக்கு இது புரியாதா?

2024 ஜனவரியில், சாப்பாடு கட்டிக் கொடுக்கும் வெள்ளை நுரைப் பெட்டிகளை லாகோஸ் சர்க்கார் தடை செய்தது. நல்ல காரியம்தான். ஆனால் முதல் அடி விழுந்தது தெருவோரச் சாப்பாட்டுக் கடைப் பெண்கள் மேல். இந்தப் பெண்களுக்கு 'மாமா புட்' என்று செல்லப் பெயர். 'அம்மா, இன்னும் கொஞ்சம் போடுங்கள்' என்று வாடிக்கைக்காரர்கள் கேட்பதால் வந்த பெயர் அது. தட்டை மாற்றச் சொல்வதற்கு முன் மாற்றுத் தட்டு என்ன விலை என்று யாராவது விசாரித்திருக்கலாம்.

நாற்பது வருஷம் காத்திருந்த ரயில்

லாகோஸ் தெருக்களில் 'டான்ஃபோ' என்ற மஞ்சள் வான்கள் ஓடுகின்றன. உடம்பில் கறுப்புக் கோடுகள். கதவில் தொங்கியபடி ஊர்ப் பெயரைக் கூவும் பையன். போக்குவரத்து நெரிசலுக்கு 'கோ ஸ்லோ' என்று பெயர். அந்த நெரிசலே ஒரு சந்தை. நகராத வண்டிகளுக்கு நடுவே ரொட்டி, வறுவல், குளிர்ந்த தண்ணீர், செருப்பு என்று எதை வேண்டுமானாலும் தலையில் சுமந்து வந்து விற்பார்கள்.

1979 முதல் 1983 வரை லத்தீஃப் ஜகாண்டே என்பவர் அந்த மாநிலத்தின் கவர்னராக இருந்தார். பட்டணத்துக்கு ரயில் வேண்டும் என்று திட்டம் போட்டு 1983-இல் வேலையும் ஆரம்பித்தார். அந்த வருஷ முடிவில் ராணுவ ஆட்சி வந்தது. 1985-இல் திட்டத்தை ரத்து செய்துவிட்டார்கள். ஒப்பந்தக்காரருக்கு நஷ்டஈடு கொடுத்ததுதான் மிச்சம். அதற்குப் பின் ஒரு தலைமுறை நெரிசலிலேயே வளர்ந்து, நெரிசலிலேயே கல்யாணம் செய்துகொண்டு, நெரிசலிலேயே தலை நரைத்தது. 2008-இல் தனிப் பாதையில் ஓடும் பெரிய பஸ்கள் வந்தன. ரயில் வந்தது 2023 செப்டம்பரில்! மரீனா முதல் மைல் டூ வரை 13 கிலோமீட்டர். 2024 அக்டோபரில் இரண்டாவது தடத்திலும் பிரயாணிகள் ஏறினார்கள். ஜகாண்டே 2021-லேயே காலமாகிவிட்டார்.

கடலோடு ஒரு பேரம்

நம் சென்னைக்கும் லாகோஸுக்கும் ஒரு விசித்திரமான ஒற்றுமை உண்டு. சென்னைத் துறைமுகத்துக்குச் சுவர் கட்டியதும், தெற்கேயிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த கடல் மணல் தடைப்பட்டு மெரினா கடற்கரை அகலமாயிற்று; வடக்கே ராயபுரம் பக்கம் அரிப்பெடுத்தது. லாகோஸிலும் அதே கதைதான். திசை மட்டும் வேறு. அங்கே மணல் மேற்கிலிருந்து கிழக்கே போகும். 1908 முதல் துறைமுக வாயிலில் கல் சுவர்கள் எழுப்பினார்கள். மேற்கே மணல் மேடு தட்டியது. கிழக்கே விக்டோரியா தீவின் கரையில் இருந்த அழகான பார் கடற்கரையைச் சமுத்திரம் வருஷா வருஷம் கடித்துத் தின்றது. லாரி லாரியாக மணல் கொட்டினார்கள். கடல் அதையும் தின்றுவிட்டுத் திரும்பி வந்தது.

கடைசியில் 2009-இல் ஒரு துணிகரமான காரியத்தைத் தொடங்கினார்கள். எட்டுக் கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள ஒரு சுவரைக் கருங்கல்லாலும் பெரிய கான்கிரீட் கட்டிகளாலும் கடலில் எழுப்பி, அதற்குப் பின்னால் மணலை வாரி இறைத்து, கடல் தின்ற நிலத்தை மீட்டு, அதற்கும் மேலாக 10 சதுர கிலோமீட்டர் புது நிலம் உண்டாக்கும் திட்டம். அதற்கு 'எக்கோ அட்லாண்டிக்' என்று பெயர். இரண்டரை லட்சம் பேர் வசிக்கக் கூடிய நவீன நகரமாம். அங்கே யார் வசிப்பார்கள் என்று கேட்க வேண்டியதில்லை. மனைகளின் விலையே பதில் சொல்லிவிடும். சுவருக்குக் கிழக்கே ஓகுன் ஆல்ஃபா என்ற கிராமம் இருக்கிறது. தங்கள் பக்கம் அலை முன்னைவிட மூர்க்கமாக அடிக்கிறது என்றும், வீடுகளைக் கடல் கொண்டு போகிறது என்றும் அந்த ஜனங்கள் முறையிட்டார்கள். சுவர் கட்டியவர்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. மணல் எந்தத் திசையில் நகர்கிறது என்று தெரிந்தவர்களுக்கு கிராமத்தார் பேச்சு அபாண்டமாகத் தோன்றாது.

புது நகரங்களுக்கெல்லாம் மணல் வேண்டும். உப்பங்கழியில் பாய் விரித்த மரப் படகுகளில் ஆண்கள் போகிறார்கள். ஏணியைத் தண்ணீருக்குள் இறக்கி, கையில் வாளியுடன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடிக்குப் போய், மணலை அள்ளிக்கொண்டு மேலே வருகிறார்கள். பிறகு இன்னொரு முறை. பிறகு இன்னொரு முறை. பெரிய பெரிய இயந்திரங்களும் கழியின் அடியைச் சுரண்டுகின்றன. தண்ணீர் கலங்கினால் மீன் விலகிப் போகும். மீன் விலகினால் அதை நம்பியிருக்கும் ஜனங்கள் என்ன செய்வார்கள்?

கரையோரம் ஆபத்தாயிற்று

கழியோரத்தில் நிலத்துக்கு மதிப்பில்லாத காலத்தில் ஏழைகள் அங்கே குடியேறினார்கள். மதிப்பு வந்ததும் அவர்கள் இடைஞ்சலாகிவிட்டார்கள்.

1990 ஜூலையில் மரோக்கோ என்ற குடியிருப்பை ராணுவ சர்க்கார் தரைமட்டமாக்கியது. "கடல் மட்டத்துக்குத் தாழ்ந்த பள்ளம், மூழ்கிவிடும்" என்று காரணம் சொன்னார்கள். ஒரு வாரம் அவகாசம். ஏறக்குறைய 3 லட்சம் ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். பள்ளம் என்று சொன்ன அதே பகுதியில் பிற்பாடு பணக்காரர்களின் மாளிகைகள் எழும்பின. ஏழைகள் இருந்தால் மூழ்கும் நிலம், பணக்காரர்கள் வந்தால் மூழ்காதோ!

ராணுவ ஆட்சி போய் ஜனநாயகம் வந்த பிறகாவது நிலைமை மாறிற்றா? ஒட்டோடோ பாமே என்று ஒரு மீனவர் குடியிருப்பு. 2016 நவம்பரிலும், மறுபடி 2017 மார்ச், ஏப்ரலிலும் அதை இடித்து எரித்தார்கள். கோர்ட்டுத் தடை உத்தரவு இருந்தும் இடித்தார்கள். சுமார் 30,000 பேர் வீடிழந்தார்கள். ஓட ஓட விரட்டியதில் தண்ணீரில் மூழ்கி இறந்தவர்களும் உண்டு. 2017 ஜூனில் ஹைகோர்ட், மாற்றிடம் கொடுக்காமல் இப்படி வெளியேற்றியது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு வந்தபோது அங்கே குடிசை ஒன்று கூட மிச்சமில்லை.

இந்த வரிசையில் பிரசித்தமானது மகோகோ. நகரத்தின் நீண்ட பாலமான மூன்றாவது பிரதான நிலப் பாலத்தின் வழியாகப் போகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்த்திருப்பார்கள். பாலத்தின் நீளம் சுமார் 12 கிலோமீட்டர். கீழே கழியில் கட்டைகளை நட்டு, அவற்றின் மேல் பலகை வீடுகள். தெருவுக்குப் பதில் ஓடை. சைக்கிளுக்குப் பதில் ஓடம். ஏழெட்டு வயதுக் குழந்தைகள் தாங்களே துடுப்புப் போட்டுக்கொண்டு போகும். பக்கத்துத் தேசமான பெனினிலிருந்தும், பாதாக்ரி பகுதியிலிருந்தும் வந்த எகுன் மீனவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இங்கே குடியேறியவர்கள். ஆண்கள் பிடித்து வரும் மீனைப் பெண்கள் புகையில் வாட்டி, கூடை கூடையாகச் சந்தைக்கு அனுப்புகிறார்கள். அந்தப் புகையில் கண் எரியும், இருமல் வரும். ஆனாலும் லாகோஸ் வீடுகளின் குழம்புச் சட்டிக்கு அந்த மீன் வேண்டும்.

2012 ஜூலையில் 72 மணி நேரம் அவகாசம் கொடுத்துவிட்டு மகோகோவின் ஒரு பகுதியை வெட்டிச் சாய்த்தார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார். அதன் பிறகே இடிப்பு நின்றது.

மறு வருஷம் அதே மகோகோ உலகப் பத்திரிகைகளில் வேறு விதமாக இடம் பெற்றது. குன்லே அடெயெமி என்ற கட்டடக் கலைஞர், 256 பிளாஸ்டிக் பீப்பாய்களின் மேல் மூன்று அடுக்கு மரப் பள்ளிக்கூடம் ஒன்றை மிதக்கவிட்டார். வெள்ளம் வந்தால் கூடவே உயரும்! பார்த்தவர்கள் எல்லாம் வியந்தார்கள். அதன் மறு பிரதி ஒன்றுக்கு 2016-இல் வெனிஸ் நகரக் கண்காட்சியில் வெள்ளிச் சிங்கப் பரிசும் கிடைத்தது. பரிசு கிடைத்து சில வாரங்களுக்குள், ஜூன் மாதத்து மழையில், மகோகோவில் இருந்த அசல் பள்ளிக்கூடம் இடிந்து விழுந்தது. நல்லவேளையாக உள்ளே குழந்தைகள் இல்லை. படம் எடுக்க வந்தவர்கள் போய்விட்டார்கள். ஊர் ஜனங்கள் வழக்கம்போல் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மகோகோவில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதற்குச் சரியான கணக்கு இல்லை. காரணம், சர்க்காரின் வரைபடங்களில் அது ஒரு குடியிருப்பாகவே இல்லை. ஆஸ்பத்திரி எங்கே வைப்பது, குழாய் எந்த வழியாகக் கொண்டு போவது என்றால், முதலில் ஊர் காகிதத்தில் இருக்க வேண்டுமே! 2019-இல் அந்தக் குறையைத் தீர்க்க ஒரு முயற்சி ஆரம்பமாயிற்று. தொண்டர்கள் சிலர் வந்து, அந்தக் குடியிருப்பைச் சேர்ந்த பெண்கள் சிலருக்கே ட்ரோன் என்னும் குட்டி விமானத்தை இயக்கக் கற்றுக்கொடுத்தார்கள். மீன் வாட்டும் புகைக்கு மேலே அதைப் பறக்கவிட்டு அவர்கள் படம் எடுத்தார்கள். ஊர்க்காரர்கள் படத்தைப் பார்த்து, இது இன்னாருடைய ஓடை, இது பள்ளிக்கூடம், இது தண்ணீர் விற்கும் இடம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லச் சொல்ல, வெறும் நீல நிறமாக இருந்த இடத்தில் கோடுகளும் கட்டங்களும் ஏறின.